விளையாட்டுக்கு ஒரு எழுத்து

போன மாதம் திட்டக்குடியிலிருந்து ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பெண். இப்போது அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

"மேடம், ஒரு சந்தேகம். பி.டி.க்கு கிரேடு ஏத்தச் சொல்றாங்க. கம்ப்யூட்டரத் தொறந்தா எல்லாப் பிள்ளைக்கும் 'ஏ'ன்னு அதுவே வந்து நிக்குது. வேணும்னா மாத்திக்கலாமாம். இங்க யாரும் மாத்தறதில்லையாம். நானும் அப்படியே அனுப்பிடட்டுமா?"

"உனக்கு எப்படித் தோணுது?"

"பிள்ளைங்க ஜாஸ்தி மேடம். பாதிப் பேருக்குப் பேரே தெரியாது."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒரு எழுத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஸ்டெல்லாவைச் சொல்ல வேண்டும், ஜெனியைச் சொல்ல வேண்டும், கமலவேணி அம்மாவைச் சொல்ல வேண்டும். போனில் முடிகிற பேச்சா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பள்ளியில் கோ-கோ ஆடினேன். ஆட்டத்தால் சான்றிதழ், சான்றிதழால் உடற்கல்விப் படிப்பு, படிப்பால் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை. கல்யாணமாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தேன். அதிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் காலையில் சிதம்பரம் பஸ், சாயங்காலம் கடலூர் பஸ்.

அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் பி.டி. பீரியட் என்பது பொதுச் சொத்து. யாருக்குப் பாடம் முடியவில்லையோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு, அறிவியல், இங்கிலீஷ் எல்லாருக்கும் மார்க் உண்டு, எனக்குக் கிடையாது. ரேங்க் கார்டில் கடைசிப் பாடத்துக்குக் கீழே கூட்டல் கோடு வந்துவிடும். நான் அந்தக் கோட்டுக்கு வெளியே விசிலை மாட்டிக்கொண்டு நின்றேன். விளையாட்டு விழா வரும்போது மட்டும் எல்லாருக்கும் என் ஞாபகம் வரும்.

என் பீரியடை அதிகமாக எடுத்துக்கொண்டவள் ஸ்டெல்லா. கணக்கு டீச்சர். கடலூர் முதுநகரில் வீடு. வகுப்பு வாசலில் வந்து நின்று, "அக்கா, இன்னைக்கு மட்டும். ரெண்டு கணக்கு பாக்கி இருக்கு" என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் கேட்டு எதையும் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. காலையில் நான் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துக்கொள்வேன். முதுநகரில் ஸ்டெல்லா ஏறுவாள். செம்மங்குப்பத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் மொத்தமாக இறங்குகிற வரை பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அத்தனை பேரும் என்னை முறைப்பார்கள். நான் பையை எடுக்க மாட்டேன். அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கும். மாமியார், மீன் விலை, அவளுடைய பெண் ஜெனி. சிதம்பரம் வந்தது தெரியாது.

ஜெனிபரை எங்கள் பள்ளியில்தான் சேர்த்திருந்தாள். முதல் ரேங்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெண். தோழிகளோடு முந்தின பஸ்ஸிலேயே போய்விடுவாள்.

அவள் எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம்தான் மார்க் போய் கிரேடு வந்தது. வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்தார்கள். பருவம் முழுவதும் பிள்ளைகள் செய்கிற செயல்பாடுகளுக்கும் சின்னச் சின்னத் தேர்வுகளுக்கும் நாற்பது, பருவக் கடைசித் தேர்வுக்கு அறுபது. இரண்டையும் கூட்டி, கூட்டின எண்ணைக் கார்டில் போடாமல் எழுத்தைப் போட வேண்டும். தொண்ணூற்றொன்றும் அதற்கு மேலும் 'ஏ-1'. எண்பத்தொன்றிலிருந்து 'ஏ-2'. அப்புறம் 'பி' இரண்டு, 'சி' இரண்டு, 'டி' ஒன்று, கடைசியில் 'இ' இரண்டு. ரேங்க் கிடையாது. ஸ்டாப் ரூமில் அன்றைக்கு ஒரே கலவரம். எண்பது வாங்கியவளுக்கும் எழுபத்தொன்று வாங்கியவளுக்கும் ஒரே எழுத்து, எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் வேறு எழுத்தா என்று ஸ்டெல்லா சண்டைக்கே போனாள். எனக்கு அந்தச் சண்டையில் கவனம் இல்லை. சுற்றறிக்கையின் அடியில் இருந்த சில வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, யோகா என்று வரிசையாகப் போய், அதில் 'உடற்கல்வி' என்று ஒரு கட்டம். மூன்று எழுத்து. 'ஏ', 'பி', 'சி'.

எனக்கும் ஒரு கட்டம். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். "சரி, காபி குடு" என்றார்.

எங்கள் தலைமையாசிரியை கமலவேணி அம்மா. மெலிந்த உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் சொல்வது அவருக்குச் சரியாகப் பட்டால் பேனா ஓடிக்கொண்டிருக்கும். சரியில்லை என்றால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பேனா மூடுகிற சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் பயந்தோம்.

பருவம் முடிந்து கார்டு எழுதுவதற்கு முன்னால் அவர் ஒரு கூட்டம் போடுவார். வகுப்பு வகுப்பாக, பெண் பெண்ணாக. பாட ஆசிரியர்கள் எழுத்தை வாசிப்பார்கள். என்னைப் போன்றவர்கள் எழுத்தோடு ஒரு வரியும் எழுதி வர வேண்டும். ஏன் 'ஏ', ஏன் 'பி'. அந்த வரியை வாசித்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பார்.

"இத அந்தப் பிள்ள மூஞ்சிக்கு நேரா நின்னு படிப்பியா?"

படிக்க முடியும் என்றால் பேனா ஓடும். தயங்கினால் வரியை மாற்ற வேண்டும், இல்லை எழுத்தை மாற்ற வேண்டும். "எழுத்து பரிசும் இல்ல, பிரம்பும் இல்ல. இந்தப் பிள்ள இப்ப எங்க நிக்குது, அடுத்து எங்க போகணும், அது தெரிஞ்சா போதும்" என்பார்.

இதற்காக நான் அந்தப் பருவம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்தேன். அதற்கு முன்னால் பார்க்கவில்லையா என்றால், ஓடுகிறவர்களைப் பார்த்தேன். அணிக்குத் தேறுகிறவர்களைப் பார்த்தேன். இப்போது எல்லாரையும் பார்க்க வேண்டியிருந்தது. நான் வைத்துக்கொண்ட முறை இதுதான்: யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை. ஜூனில் மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டுக் களைத்தவள் செப்டம்பரில் ஒரு சுற்று ஓடினால் அவளுக்கு 'ஏ'. ஜூனிலேயே மான் மாதிரி ஓடினவள் சும்மா திரிந்தால் 'பி'. பஸ்ஸில் வரும்போதுகூடப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அந்த முகத்தைக் கொண்டுவந்து பார்ப்பேன். வராத முகத்தை மறுநாள் தேடிப் போவேன். வேலையில் எனக்கு அப்படி ஒரு பசி அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஜெனிக்கு 'சி' போட்டேன்.

அவள் மைதானத்துக்கு வந்தால் வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால், 'கால் வலி, விளையாட வேண்டாம்' என்று ஸ்டெல்லா கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டை நீட்டுவாள். பருவம் முழுக்க அதே கதை. 'ஆட்டத்தில் சேர்வதில்லை, சேர்ந்தால்தான் சொல்ல முடியும்' என்று வரி எழுதிக்கொண்டு போனேன். கூட்டத்தில் நான் வாசித்தபோது ஸ்டெல்லா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா நின்னு படிப்பியா?" என்றார் அம்மா.

"படிப்பேன்மா."

"ஏன் சேர்றதில்ல?"

"படிப்புலயே கவனம்மா அவளுக்கு. ஆட்டம்னா எளப்பம்."

"அவ சொன்னாளா, நீயா நெனச்சுக்கிட்டியா?"

அம்மா பேனாவை மூடவில்லை. 'சி' என்று எழுதினார். "அடுத்த பருவத்துக்குள்ள அவ வாயால கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் ஸ்டெல்லா பேச ஆரம்பித்தது சாதாரணமாகத்தான்.

"அக்கா, ஒரு 'பி' போட்டிருக்கக் கூடாதா? எல்லாம் 'ஏ-1'. கடைசில போயி ஒரு 'சி'. பாக்கறவங்க என்னான்னு கேக்க மாட்டாங்களா?"

"ஆடினா போடறேன் ஸ்டெல்லா. அவ ஒரு நாள்கூட எறங்கலியே."

"நான்தான் சீட்டு குடுத்து அனுப்பறேனே. கால் வலிக்குதுன்னா என்ன பண்ணச் சொல்றீங்க?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"வளர்ற வயசு, வலிக்கத்தான் வலிக்கும்." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "விளையாட்டுக்கெல்லாம் ஒரு எழுத்து! அதுக்கு இவ்ளோ ராங்கி."

அத்தனை வருடம் அவளுக்கு நான் கொடுத்த பீரியடெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் என் கண் முன்னால் வந்து போனது. அவளுக்கு என் வேலை அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் வாயால் கேட்டதில்லை, அவ்வளவே.

அடுத்த நாள் முதுநகரில் ஏறியவள் என் பக்கம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செம்மங்குப்பத்தில் இடம் காலியானதும் முன்னால் போய் வேறு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கொஞ்ச நாள் பையை வைத்துப் பார்த்தேன். அப்புறம் யாரோ ஒரு பாட்டி கேட்டதும் எடுத்துவிட்டேன்.

இரண்டாம் பருவம் தொடங்கிய வாரம் ஜெனி புது ஷூ போட்டுக்கொண்டு மைதானத்தில் வந்து நின்றாள். முகம் உர்ரென்று இருந்தது.

"என்ன பண்ணா 'ஏ' வரும் மிஸ்?"

ரேங்கை எடுத்துவிட்டார்கள், ஆனால் பிள்ளைகள் யாருக்கு எத்தனை 'ஏ-1' என்று தாங்களே கூட்டிக்கொண்டார்கள். அவளுடைய கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

"மொதல்ல எல்லாரோடயும் சேந்து ஒரு சுத்து ஓடு. மெதுவா ஓடினா போதும்."

ஓடினாள். பாதிச் சுற்றில் கோல் போஸ்ட் பக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அடுத்த நாளும் அதே இடத்தில் கயிறு அவிழ்ந்தது. அதற்கடுத்த நாளும். நான் முதலில் சிரித்தேன். பிறகு உற்றுப் பார்த்தேன். ஏமாற்றுகிற பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் களைப்பு வருவதற்கு முன்னாலேயே நின்றுவிடுவார்கள். இவள் முடிந்த வரை ஓடிவிட்டு, இனி முடியாது என்கிற இடத்தில் நிற்கிறாள். நின்ற பிறகு நிமிர்வதற்கு நேரம் எடுக்கிறது.

ஓடி முடித்ததும் பிள்ளைகளைத் தங்கள் நாடியைத் தாங்களே பிடித்து எண்ணச் சொல்வது என் வழக்கம். கொஞ்சம் தண்ணீர் குடித்து உட்கார்ந்ததும் மறுபடி எண்ணினால் குறைந்திருக்கும். அன்றைக்கு மற்றவர்கள் எழுந்து அடுத்த ஆட்டத்துக்குக் கோடு போட ஆரம்பித்த பிறகும் ஜெனியின் மணிக்கட்டு என் விரலுக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது.

வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"எப்பலேருந்து இப்படி மூச்சு வாங்குது?"

"தெரியல மிஸ்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உன்னத் திட்ட மாட்டேன். சொல்லு."

கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "அஞ்சாவது படிக்கறப்ப தொண்ட வலி வந்து காய்ச்சல் வந்துச்சு மிஸ். முட்டி வீங்கிச்சு. அது சரியாயி அந்த முட்டி வீங்கிச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. மாடி ஏறனா மட்டும் ஒரு மாதிரி இருக்கும்."

"அம்மாகிட்ட?"

"கால் வலின்னு மட்டும் சொன்னேன். மூச்சுன்னு சொன்னா லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாங்க. பாடம் போயிடும். நான் ஒரு நாளும் லீவு போட்டதில்ல மிஸ்."

கூட்டத்தில் என்னைக் கேட்டுவரச் சொன்ன கேள்விக்கு இதுதான் பதில். கமலவேணி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டெல்லாகிட்ட நீயே சொல்லு. பஸ்ல சொல்லாத. வீட்டுக்குப் போ" என்றார்.

போனேன். ஸ்டெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். கையில் செதிலோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க 'சி'க்கு ஒரு காரணம் வேணும்ன்றதுக்காக என் பொண்ண நோயாளி ஆக்காதீங்கக்கா."

உள்ளறையில் ஜெனி படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. அவள் கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடற்குழுவோடு ஜெனி மாடி ஏறியிருக்கிறாள். ஸ்டெல்லா கீழே நின்று பார்த்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் மேலே போய்ப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துவிட்டார்கள். தன் பெண் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் ஏதோ வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றிருக்கிறாள். இதை ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவும் ஜெனியும் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார்கள்.

"இன்னைக்கு ஸ்கூல் வேணாங்க்கா. பாண்டிக்கு வாங்க. அவருக்கு ஷிப்ட். தனியா போயி கேக்க எனக்கு தெம்பு இல்ல."

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. நீளமான பெஞ்சில் ஜெனியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தோம். சின்ன வயது லேடி டாக்டர். ஜெனியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார். மூச்சைப் பிடி, விடு, இடது பக்கம் ஒருக்களித்துப் படு. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எல்லாம் முடிந்து மறுபடி அவர் எதிரில் உட்கார்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

"அன்னைக்கு வந்தது சாதாரண காய்ச்சல் இல்லம்மா. தொண்டைல ஆரம்பிச்சு, முட்டிக்கு வந்து, போறப்ப இதயத்துல வால்வத் தொட்டுட்டுப் போயிடும். வால்வு கொஞ்சம் கசியுது. ஆபரேஷன்லாம் வேணாம். ஆனா அந்தக் காய்ச்சல் இன்னொரு தரம் வந்தா கசிவு ஜாஸ்தியாயிடும். வராம இருக்க மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடணும். ஒரு தரம்கூட விடக் கூடாது."

"எத்தன நாளைக்கு டாக்டர்?"

"இருபத்தஞ்சு வயசு வரைக்கும்."

ஜெனி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கணக்கு டீச்சர் பெண். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. யாரு கவனிச்சது?"

ஸ்டெல்லா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இவங்கதான். எங்க ஸ்கூல் பி.டி. டீச்சர்."

வெளியே வந்து மரத்தடியில் நின்றதும்தான் உடைந்தாள். "கால் வலின்னு நானே என் கையால எழுதிக் குடுத்தேனேக்கா. பருவம் முழுக்க எழுதிக் குடுத்தேனே." ஜெனி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. வாங்க, பசிக்குது."

மூன்றாம் பருவத்துக் கூட்டம் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. டாக்டர் ஜெனிக்கு நடக்க அனுமதி கொடுத்திருந்தார், ஓடக் கூடாது. நான் அவள் கையில் விசிலைக் கொடுத்தேன். கோ-கோ விதிகளை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். எனக்கு மறந்துபோயிருந்த விதியெல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். மூச்சுப் பயிற்சி செய்தாள். மைதானத்தை நிற்காமல் ஒரு சுற்று நடந்தாள். ஆனால் தோற்ற அணி அழுதால், "தப்பு உங்க மேலதான்" என்று அங்கேயே வகுப்பெடுப்பாள். இரண்டு தடவை சண்டை வந்தது.

ஜெனியின் பெயர் வந்ததும் இங்கிலீஷ் டீச்சர், "பாவம், ஒரு 'ஏ' போட்டுடுங்க. என்ன கொறஞ்சிடப் போவுது" என்றார். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். ஸ்டெல்லா தன் மார்க் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கமலவேணி அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"பாவத்துக்கு இதுல எழுத்து இல்ல. இருக்கறது மூணு. அவளால ஓட முடியாதுன்றதுக்கு கொறைக்கவும் கூடாது, ஓட முடியாதுன்றதுக்கு கூட்டவும் கூடாது. வசந்தா, நீ என்ன எழுதியிருக்க?"

வாசித்தேன். "'விதிகளை நன்றாக அறிந்திருக்கிறாள். தன் உடம்பின் அளவறிந்து பயிற்சி செய்கிறாள். தோற்றவர்களிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.' 'பி' போட்டிருக்கேன்மா."

"நேரா நின்னு படிப்பியா?"

"படிச்சுட்டேம்மா. காலைலயே."

அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேனாவைத் திறந்து எழுதினார். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் ஜெனி தூணோரம் நின்றிருந்தாள்.

"'ஏ' ஆக்கலியா மிஸ்?"

"நடுவர் தீர்ப்பு சொன்ன அப்புறம் வாதாடக் கூடாதுன்னு விதி இருக்கு. எந்த நம்பர்னு நீயே சொல்லு."

சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஊசி கடலூர் ஆஸ்பத்திரியில், என் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. வலிக்கிற ஊசி. மருந்து கெட்டி, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஸ்டெல்லாவால் பார்க்க முடியாது. வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபம் செய்வாள். நான் உள்ளே ஜெனியின் கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் என் விரல்களை நெரித்தபடி வாய்ப்பாடு சொல்லுவாள். பதினேழாம் வாய்ப்பாடு பாதியில் ஊசி முடிந்துவிடும்.

அப்புறம் மூவரும் எங்கள் வீட்டுக்கு வருவோம். ஜெனி ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும். சோபா முழுக்க அவளுக்கு. ஸ்டெல்லா முதுநகரிலிருந்து தூக்கில் மீன் குழம்பு கொண்டுவந்திருப்பாள், நான் சோறு வடித்து ரசம் வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் டிவியை ஜெனிக்கு விட்டுக்கொடுப்பார். வெயில் தாழ்ந்ததும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். ஈர மணலில் மெதுவாக நடப்போம். நாலு எட்டுக்கு ஒரு தரம் ஜெனி நொண்டுவாள். ஸ்டெல்லா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அலையில் இறங்குவாள். பள்ளியில் அவளை அப்படிச் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரே ஒரு நாள், அலையைப் பார்த்துக்கொண்டே, "உங்க பீரியட இனிமே யாரு கேட்டாலும் குடுக்காதீங்கக்கா" என்றாள். "நீ கேட்டாலுமா?" என்றேன். "நான் கேட்டா மொதல்ல குடுக்காதீங்க."

இன்றைக்கு எனக்கு ஒரு வரம் கொடுத்தால், வேலையில் முதல் நாளைக் கேட்க மாட்டேன். பரிசுக் கோப்பைகளைக் கேட்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒன்றைக் கேட்பேன். மழை பெய்து கடற்கரைக்குப் போக முடியாமல் போன சனிக்கிழமையாக இருந்தாலும் போதும்.

ஜெனி பத்தாம் வகுப்புக்குப் போனதும் எழுத்து போய் மறுபடியும் மார்க் வந்தது. பொதுத்தேர்வுச் சான்றிதழில் எனக்குக் கட்டம் இல்லை. நல்ல மார்க்தான் வாங்கினாள். அந்தக் கோடையில் ஸ்டெல்லாவின் கணவருக்கு குஜராத்தில் வேலை கிடைத்தது. ஸ்டெல்லா வேலையை விட்டாள். போகிற நாள் ஸ்டேஷனில் நின்றபோது எனக்கு இருந்த ஒரே கவலை ஊசி.

"அங்க யாரு கையப் புடிச்சுப்பா?"

"நானே புடிச்சுக்கறேங்க்கா. பாத்துப் பழகிக்கறேன்" என்றாள் ஸ்டெல்லா. "ஒவ்வொரு தரமும் போட்டதும் உங்களுக்குச் சேதி வரும்."

வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு, ஜெனியிடமிருந்து. 'ஆச்சு மிஸ்.' அவ்வளவுதான். சில நாள் அதற்குக் கீழே ஸ்டெல்லா தப்பும் தவறுமாகத் தட்டி ஏதாவது சேர்த்திருப்பாள். 'இங்க மீன் நல்லா இல்லக்கா.' 'பஸ்ல எடம் போட ஆள் இல்ல.' பண்டிகைக்குப் பண்டிகை போனில் பேசினோம். வருகிறேன் வருகிறேன் என்றாள். வரவில்லை. நானும் போகவில்லை. டிக்கெட் போட விடாமல் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் தடுத்தது.

இடையில் கமலவேணி அம்மா ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் பெண் வீட்டில் இருந்து, காலமானார். அவருக்குப் பிறகு வந்தவர் கூட்டம் போடவில்லை. நல்ல மனிதர், அவசரக்காரர். "எல்லாருக்கும் நல்லதா போட்டுடுங்க டீச்சர்" என்பார். நான் ஒரு வரி எழுதுவதை நிறுத்தவில்லை. வாசித்துக் காட்டத்தான் யாரும் இல்லை. ஸ்டாப் ரூமில் அந்தப் பேனா மூடுகிற சத்தம் கேட்காதா என்று சில சமயம் இருக்கும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் ஸ்டெல்லா போய்விட்டாள். அங்கேயே அடக்கம். ஜெனிதான் போனில் சொன்னாள். நான் ரிசீவரைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஊசி நாள். வராது என்று நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம், 'ஆச்சு மிஸ். நர்ஸ் புடிச்சுக்கிட்டாங்க' என்று வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செய்தியிலும் எனக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஜெனி பெங்களூருக்கு வேலைக்குப் போனாள், அங்கிருந்து வந்தது. கல்யாணமானது, கணவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற படத்தோடு வந்தது. நான் பதிலுக்கு 'சந்தோஷம்' என்று அனுப்பிவிட்டு, சோறு போட்டுக்கொண்டு உட்காருவேன்.

இந்தச் சித்திரையில் ஜெனி செய்தி அனுப்பாமல் கூப்பிட்டாள். குரல் துள்ளியது.

"மிஸ், ஸ்கேன் பாத்தாங்க. கசிவு ரொம்பக் கொஞ்சம்தானாம். ஜாஸ்தியாகவே இல்லியாம். ஊசிய நிறுத்திடலாம்னுட்டாங்க. போன தரம் போட்டதுதான் கடைசி."

"மறுபடி சொல்லு."

"கடைசி ஊசி போட்டாச்சு மிஸ். இனிமே இல்ல."

கத்தி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், என் பெண்ணுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்றேன். எனக்குப் பெண் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே போனைச் சார்ஜில் போட்டு எடுத்து, போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். "யார் போனுக்குக் காத்திருக்கற?" என்றார் அவர். யாருமில்லை என்றேன். சோறு வடித்து, ரசம் இறக்கி, இரண்டு தட்டு வைத்தேன். மணி ஒன்றைத் தாண்டியது. போன் பேசாமல் கிடந்தது. வரக் கூடாது, வராமல் இருப்பதுதான் நல்லது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அவர் சாப்பிட்டு எழுந்து போகிற வரைக்கும் நான் என் தட்டில் கை வைக்கவில்லை.